மேல் ஏரி கோடி போனால் கீழ் ஏரி நிரம்புமா? மாநிலங்களுக்கு இடையே வளர்ச்சி பரவுவது பற்றி

ஏரிக்கரை

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி. பொருளாதாரம் படித்தவர்களும் தொழில் செய்பவர்களும் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தருமபுரி பக்கம், வேலை ஓசூரில். நடுவே 90 கிலோமீட்டர்தான். 2004இல் கிருஷ்ணகிரியைத் தனியாகப் பிரிக்கும்வரை இரண்டும் ஒரே மாவட்டம். ஓசூரில் லாரி செய்கிறார்கள், மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள், கைக்கடிகாரம் செய்கிறார்கள், இப்போது செல்போன் பாகங்களும் செய்கிறார்கள். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் திங்கட்கிழமை விடிகாலை நின்று பாருங்கள். பெங்களூர் பஸ்ஸில் இடம் பிடிக்க ஓடுகிறவர்களில் பல பேர் கையில் சிமெண்ட் சாக்கில் சுற்றிய கரணையும் மட்டப்பலகையும் இருக்கும். புருஷன், பெண்டாட்டி, சில சமயம் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளையும்.

நாட்டைப் பார்த்தாலும் இதே படம்தான் பெரிதாகத் தெரிகிறது. ஏழை மாநிலத்தில் கூலி குறைவு, நிலம் மலிவு. அதனால் முதலீடு தானாக அங்கே போகும், பின்தங்கியவர்கள் வேகமாக வளர்ந்து எட்டிப் பிடிப்பார்கள் என்பது பாடப்புத்தகக் கணக்கு. மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை இதைச் சரிபார்த்தது. உலக நாடுகளுக்கு இடையே இடைவெளி குறைகிறது, சீன மாகாணங்களுக்கு இடையே குறைகிறது, இந்திய மாநிலங்களுக்கு இடையே மட்டும் கூடுகிறது என்று முடிவு வந்தது. அதைப் புதிர் என்றே எழுதினார்கள்.

எங்கள் பக்கத்தில் ஏரிகள் சங்கிலியாக இருக்கும். மேல் ஏரி நிரம்பி வழிந்து கோடி போனால், கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் வரும். சென்னையும் பெங்களூரும் குர்கானும் நிரம்பிக்கொண்டே இருக்கின்றன. தண்ணீர் எங்கே போகிறது?

கீழ்த்திசை

நல்ல கேள்வி. சுவீடன் பொருளாதார அறிஞர் குன்னர் மிர்தால் 1957லேயே இதற்கு ஒரு விடை வைத்திருந்தார். ஓர் இடம் வளரும்போது சுற்றியுள்ள இடங்களுக்கு இரண்டு நடக்கும். ஒன்று பரவல்: வளர்ந்த இடம் அங்கிருந்து பொருள் வாங்கும், அங்கே கிளை திறக்கும், அங்கே பணம் அனுப்பும். இன்னொன்று உறிஞ்சல்: அங்கிருக்கும் படித்த பிள்ளைகளையும் சேமிப்பையும் சிறு தொழில்களின் சந்தையையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நாடு எவ்வளவு முன்னேறியிருக்கிறதோ அவ்வளவு பரவல் வலுக்கும், ஏழை நாட்டில் உறிஞ்சலே பெரிதாக இருக்கும் என்றார். உங்கள் ஏரியில் தண்ணீர் கீழே மட்டும்தான் போகும். பொருளாதாரத்தில் கீழ் ஏரித் தண்ணீர் மேல் ஏரிக்கும் ஏறும், வித்தியாசம் அதுதான்.

ஓசூர் விஷயத்துக்கு வருகிறேன். ஓசூருக்கு வந்தது சென்னைத் தண்ணீர் இல்லை, பெங்களூர்த் தண்ணீர். 1940இல் விமானம் செய்யும் எச்.ஏ.எல், 1953இல் மெஷின் டூல் செய்யும் எச்.எம்.டி என்று பெரிய ஆலைகள் பெங்களூரில் அடுத்தடுத்து வந்தன. லேத் ஓட்டத் தெரிந்தவர், டை செய்யத் தெரிந்தவர் என்று ஒரு தலைமுறையே அங்கே உருவாகிவிட்டது. 1971இல் தொழிற்பேட்டை அமைக்கும் அரசு நிறுவனமான சிப்காட் தொடங்கியதும் எல்லைக்கு இந்தப் பக்கம், பெங்களூரிலிருந்து வெறும் 40 கிலோமீட்டரில், தமிழ்நாடு அரசு தொழிற்பேட்டை போட்டது. பின்தங்கிய பகுதி என்பதால் சலுகையும் கிடைத்தது. 1984இல் டைட்டனை டாடாவோடு கூட்டாகத் தொடங்கியதும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோதான். கோடி போன தண்ணீரைப் பிடிக்க அரசாங்கம் கால்வாய் வெட்டி வைத்திருந்தது. தருமபுரிக்கு அந்தக் கால்வாய் நீளவில்லை.

தென்முனை

இதைப் பேசும்போது வரிப்பகிர்வைத் தொடாமல் போனால் எப்படி? மத்திய வரியை 2021-26இல் மாநிலங்களுக்குப் பிரிக்க 15ஆவது நிதிக்குழு வைத்த சூத்திரத்தில் 45 சதவீத எடை வருமான இடைவெளிக்கு. அதாவது பணக்கார மாநிலத்தைவிட எவ்வளவு ஏழையோ அவ்வளவு பங்கு. மாநிலங்களுக்குப் பிரிக்கும் தொகையில் உத்தரப் பிரதேசத்துக்கு 17.939 சதவீதம், பீகாருக்கு 10.058, தமிழ்நாட்டுக்கு 4.079. நாம் பள்ளிக்கூடம் கட்டினோம், மதிய உணவு போட்டோம், ஆரம்ப சுகாதார நிலையம் திறந்தோம், குடும்பக்கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்தோம். அதற்குப் பலன் பங்கு குறைந்தது. இத்தனை வருடமாகப் பணம் போய்க்கொண்டே இருக்கிறது, இடைவெளியோ கூடிக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் இந்தக் கால்வாயில் எங்கேயோ பெரிய ஓட்டை இருக்கிறது.

இது பீகார் மக்கள் மேல் கோபம் இல்லை. அவர்கள் பேரைச் சொல்லி எடுக்கும் பணம் அவர்களுக்கே போய்ச் சேரவில்லையே என்ற கோபம்.

கீழ்த்திசை

தென்முனை சார், உங்கள் கோபம் நியாயம். ஆனால் கணக்கை 1950களிலிருந்து போட வேண்டும்.

சரக்குக் கட்டணச் சமன் திட்டம் என்று ஒன்று இருந்தது. இரும்பும் உருக்கும் நாட்டின் எந்த மூலையில் வாங்கினாலும் ஒரே விலை, ரயில் கூலியை அரசு சரிக்கட்டும். சிமெண்டுக்கும் அதே மாதிரி. அப்போது பீகாரில் இருந்த ஜாம்ஷெட்பூரில், உருக்கு உருக்கும் ஊரிலேயே வாங்கினாலும் சரி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி மதராஸிலோ பம்பாயிலோ வாங்கினாலும் சரி, ஆலைக்காரருக்கு ஒரே விலை. அப்புறம் எதற்காக ஒருவர் பீகாரில் ஆலை போடுவார்? துறைமுகம் இருக்கும் ஊருக்குத்தானே போவார்? பீகார், மேற்கு வங்கம், ஒடிசா, மத்தியப் பிரதேசம் நான்குக்கும் இயற்கை கொடுத்திருந்த ஒரே பெரிய அனுகூலத்தைச் திட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். பருத்திக்கு இப்படி ஒரு திட்டம் இல்லை. பருத்தி விளையும் பக்கம் அதன் அனுகூலத்தை வைத்துக்கொண்டது.

1990களின் தொடக்கத்தில்தான் இது முடிவுக்கு வந்தது. நாற்பது வருடம். நம் பக்கத்து எஞ்சினியரிங் ஆலைகள் வளர்ந்ததும் அதே நாற்பது வருடத்தில்தான்.

தென்முனை

அந்தத் திட்டம் முடிந்தும் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் அதையே காரணம் சொல்வதா? மேற்கு வங்கத்துக்கும் இதே காரணமா? 1960-61இல் அங்கே தனிநபர் வருமானம் தேசிய சராசரியில் 127.5 சதவீதம். 2023-24இல் 83.7. பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2024இல் வெளியிட்ட கணக்கு இது. சுதந்திர இந்தியாவின் முதல் வரிசை மாநிலம் அது. ஆலைகளை மாநிலத்தை விட்டே ஓடவிட்டது யார் தவறு?

மழைக்காகிதம்

அதே அறிக்கையில் ஒடிசாவையும் பாருங்கள். 2000-01இல் தேசிய சராசரியில் 55.8 சதவீதம், 2023-24இல் 88.5. அவர்களும் அதே கட்டணத் திட்டத்தில் அடிபட்டவர்கள்தான். ஆனால் கனிமம், உருக்காலை, துறைமுகம் மூன்றையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். பாராதீப், தாம்ரா துறைமுகங்கள் இருக்கின்றன, கலிங்கநகரில் உருக்காலைகள் இருக்கின்றன. பீகாருக்குக் கடல் இல்லை. 2000 நவம்பரில் ஜார்க்கண்ட் பிரிந்தபோது கனிமமும் போய்விட்டது.

பேரேடு

வங்கியில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதில் மூன்று வருடம் பீகாரில் ஒரு கிராமக் கிளையில் மேலாளர். கீழ் ஏரித் தண்ணீர் மேலே ஏறும் என்று கீழ்த்திசை சொன்னாரே, அதைக் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

டெபாசிட் இலக்கு எங்கள் கிளைக்கு ஒருபோதும் கஷ்டமாக இருந்ததில்லை. ஓய்வு பெற்ற வாத்தியார்கள், பட்டாளத்து பென்ஷன்காரர்கள், சூரத்திலும் லூதியானாவிலும் மகன் இருக்கும் வீடுகள் என்று பணம் வந்துகொண்டே இருக்கும். அந்தப் பணத்தை அதே ஊரில் கடனாகக் கொடுக்க முடியாமல் தவிப்போம். ஒருவர் மாவு மில் போட வேண்டும் என்று வருவார். நல்ல மனிதர், தொழில் தெரிந்தவர். அடமானத்துக்கு நிலப் பத்திரம் கேட்டால் ஜமாபந்தியில் செத்துப்போன தாத்தா பெயர் இருக்கும். (அங்கே ஜமாபந்தி என்றால் நம் தாசில்தார் ஆபீஸ் வருடாந்திரத் தணிக்கை இல்லை, நிலப் பதிவேட்டுக்கே அதுதான் பெயர்.) தாத்தாவுக்கு நாலு மகன்கள், பதினோரு பேரன்கள். வாய்ப்பேச்சில் பாகம் பிரித்து உழுகிறார்கள், பேப்பரில் ஒன்றும் இல்லை. பெயர் மாற்ற அங்கே தாகில் காரிஜ் என்று ஒரு நடைமுறை. நம் பட்டா மாறுதல் மாதிரி. அதற்கு அலைந்து அலைந்து அந்த மனிதர் கடைசியில் கடனே வேண்டாம் என்று போய்விட்டார்.

கடன் போகாத டெபாசிட் எங்கே போகும்? தலைமை அலுவலகத்துக்கு. அங்கிருந்து கடன் கேட்கிற இடத்துக்கு, அதாவது சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் மும்பைக்கும். இன்றைக்கும் பீகாரில் 100 ரூபாய் டெபாசிட் ஆனால் ஐம்பது ரூபாய்க்குச் சற்று மேல்தான் அங்கே கடனாகத் திரும்புகிறது. தமிழ்நாட்டில் அது நூறையே தாண்டும். நிதிக்குழு வழியாகத் தெற்கிலிருந்து வடக்கே போவதை எல்லாரும் எண்ணுகிறோம், வங்கி வழியாக எதிர்ப்பக்கம் வருவதையும் எண்ண வேண்டும். அந்த மூன்று வருடமும் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பணம் அது, என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தென்முனை

பேரேடு ஐயா, இதை நான் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பதிவேட்டில் பெயர் மாற்றுவது அந்த மாநில அரசின் வேலைதானே? அதற்கு தில்லிப் பணம்கூட வேண்டாமே?

பேரேடு

அவர்கள் வேலைதான், அதில் சந்தேகமே இல்லை. 1793இல் நிரந்தர ஜமீன் ஏற்பாடு வந்த பூமி அது. குடியானவனிடம் நேராக வரி வாங்காத அரசுக்கு அவன் பெயரை எழுதி வைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஜமீன் ஒழிந்தும் அந்த ஓட்டை அடைபடவில்லை. இங்கே குடியானவனிடமே அரசு நேராக வரி வாங்கிய ரயத்வாரி இருந்த மாவட்டங்களில் கிராமத்துக்கு ஒரு கர்ணம், அவர் கையில் ஒரு கணக்கு. அந்தக் கணக்கின் அருமை எனக்கு அங்கே போனபிறகுதான் தெரிந்தது.

தறிநாடா

திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். படித்தவர்கள் பேசுவதை வாசித்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்துக் கதையையும் சொல்கிறேன்.

தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸ் திருப்பூரில் நின்றால் பிளாட்பாரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. என் யூனிட்டில் 42 பேர், 27 பேர் வெளிமாநிலம். அதில் கயா பக்கத்துப் பையன் ஒருவன் பதினெட்டு வயதில் வந்தான். கைமடிக்கிறதில், அதாவது டைலருக்குத் துணை ஆளாக, ஆரம்பித்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் காலி மெஷினில் உட்கார்ந்து, வேஸ்ட் துணியில் ஓவர்லாக் அடித்துப் பழகினான். ஒரே வருடத்தில் டைலர். ஒன்றரை ஷிப்ட் சலிக்காமல் செய்வான். சனிக்கிழமை சம்பளம் வாங்கினதும் முதல் வேலை ஊருக்குப் பணம் போடுவது. ஏழு வருடத்தில் வீடு ஓட்டிலிருந்து காரையாச்சு, தங்கச்சி கல்யாணம் முடிந்தது, தம்பி ஐடிஐ போனான். பரவல் என்று கீழ்த்திசை சொன்னதில் இது சேர்த்தியா இல்லையா? எனக்குச் சேர்த்தி என்றுதான் படுகிறது.

அப்புறம் அவனுக்கு ஓர் ஆசை. ஊரிலேயே ஆறு மெஷின் போட்டு டீஷர்ட், பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்க வேண்டும் என்று. பழைய மெஷின் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். எட்டு மாதத்தில் மூடிவிட்டான். கரண்டுக் குறையில்லை, ஆள் கிடைத்தது, தைக்கவும் தெரியும். ஊசி உடைந்தால் பாட்னாவுக்கு ஆள் அனுப்ப வேண்டும். எலாஸ்டிக், லேபிள், நூல் எல்லாம் அப்படித்தான். மெஷின் டைமிங் போனால் பார்க்க மெக்கானிக் இல்லை, மூன்று நாள் சும்மா கிடக்கும். இங்கே என் யூனிட் இருக்கும் தெருவில் ஊசிக் கடை எதிரில், மெக்கானிக் அடுத்த சந்தில், சாயப்பட்டறை போன் தூரத்தில். தொழில் ஓடுவது என் புத்திசாலித்தனத்தால் இல்லை. அந்தத் தெரு ஓட்டுகிறது. தெருவை ரயிலில் ஏற்றி அனுப்ப முடியவில்லை.

குறுக்குச்சால்

தறிநாடா அண்ணே, இந்த இழையிலேயே முக்கியமான பதிவு உங்களுடையது. சீனாவோடு ஒப்பிடுகிறவர்கள் தவறவிடும் இடமும் இதுதான்.

1980இல் சீனா நான்கு சிறப்புப் பொருளாதார மண்டலங்களை வைத்தது: ஷென்சென், சூஹாய், ஷான்டோ, ஷியாமென். நான்குமே கடலோரம். சிலர் முதலில் பணக்காரர் ஆகட்டும் என்பதுதான் சீனத் தலைவர் டெங் சியாவ்பிங் வழி. இருபது வருடம் கடலோரத்துக்கும் உள்நாட்டுக்கும் இடைவெளி பயங்கரமாகக் கூடியது, தானாக எதுவும் வழியவில்லை. 2000 வாக்கில் மேற்குப் பகுதி மேம்பாட்டுத் திட்டம் என்று ரயில், நெடுஞ்சாலை, மின்சாரம் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுபோனார்கள். கடலோரத்தில் கூலியும் ஏறியது. அதன்பிறகுதான் ஆலைகள் நகர்ந்தன. ஹெனான் மாகாணம் அவர்களுக்கு பீகார் மாதிரி, ஆள் அனுப்பும் ஊர். 2010 முதல் ஃபாக்ஸ்கான் அங்கே ஜெங்ஜோவில் ஐபோன் செய்கிறது. வந்தது ஒரு ஆலை மட்டும் இல்லை, விமான நிலையத்தை ஒட்டி ஒரு முழுத் தெருவையே கட்டிக் கொடுத்தார்கள்.

இந்தியாவில் ஆள் நகர்வது பெரிய அளவில் நடக்கிறது. அந்த 2016-17 அறிக்கையே ரயில் பயணக் கணக்கை வைத்து, 2011 முதல் 2016 வரை வருடத்துக்குச் சுமார் 90 லட்சம் பேர் மாநிலம் விட்டு மாநிலம் போகிறார்கள் என்றது. ஆனால் ஆலை நகரவில்லை. ஆள் ரயிலேறி வருகிறவரை ஆலைக்கு நகர என்ன அவசரம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பையனைப் பதினெட்டு வயது வரை வளர்த்த செலவு, சோறு, தடுப்பூசி, எட்டாம் வகுப்பு, எல்லாம் பீகாருடையது. அவன் உழைக்கும் வயது திருப்பூருக்கு. முதுகு போனபிறகு மறுபடி பீகாருக்குத்தான் போவான். 2020 ஊரடங்கில் சாலை நெடுக நடந்தவர்களை மறந்துவிட வேண்டாம். வரிப்பகிர்வில் தமிழ்நாட்டுக்கு வந்த 4.079 சதவீதத்தைப் பேசும்போது இதையும் பக்கத்தில் எழுதி வைப்பதுதான் முறை.

கீழ்த்திசை

அதே ஊரடங்கில் நடந்த ஒரு நல்ல காரியம். பீகாரின் மேற்குச் சம்பாரண் மாவட்டத்தில் சன்பதியா என்ற ஊர். சூரத், லூதியானா என்று பல ஊர்களிலிருந்து திரும்பியவர்களில் யாருக்கு என்ன தொழில் தெரியும் என்று மாவட்ட நிர்வாகம் கணக்கெடுத்தது. கிடங்குகளைக் காலி செய்து இடம் கொடுத்தது, கடனுக்கு வங்கியோடு பேசியது. புடவை எம்பிராய்டரி, ஜாக்கெட், ஆயத்த ஆடை என்று சிறு ஆலைகள் ஒரே வளாகத்தில் வந்தன. தனியாக ஆறு மெஷின் போட்ட உங்கள் பையனுக்குக் கிடைக்காத தெரு, அங்கே சிறிய அளவில் கிடைத்தது.

மழைக்காகிதம்

சாலை போட்டாலே போதும் என்பவர்களுக்கு: தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா நான்கையும் இணைக்கும் தங்க நாற்கரச் சாலையை ஆராய்ந்தவர்கள், சாலையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் மாவட்டங்களில் தொழில் நன்றாக வளர்ந்ததைக் கண்டார்கள். அதைத் தாண்டியதும் பலன் கரைந்துவிடுகிறது.

ஏரிக்கரை

எல்லாருக்கும் நன்றி. இரண்டு தடவை முழுதாக வாசித்தேன்.

மழைக்காகிதம், எங்கள் ஊரில் சாலை இருக்கிறது. பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று ஒரு பெரிய நெடுஞ்சாலை எங்கள் நடுவில்தான் போகிறது. கன்டெய்னர் லாரி ராத்திரி பூராவும் போகும், நிற்காது. எனவே சாலை மட்டும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி, 68.5 சதவீதம். மாநில சராசரி 80. குடிதண்ணீரில் ஃப்ளோரைடு. என் அத்தைக்கு முப்பத்தைந்து வயதிலேயே முட்டி மடங்காது, பல் முழுக்கப் பழுப்பு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் வந்தது. ஓசூரில் ஆலைகள் ஆள் எடுத்த 1980களில், எங்கள் ஊரிலிருந்து பத்தாம் வகுப்பு பாஸான பையனைத் தேடினால் எத்தனை பேர் கிடைத்திருப்பார்கள்? என் அப்பா ஐந்தாவதோடு நின்றவர். அவர் பிடித்தது பெங்களூர் பஸ், கரணையோடு.

தமிழ்நாடு வேறு பீகார் வேறு என்று நினைத்துத்தான் கேள்வியை ஆரம்பித்தேன். எங்கள் தாலுக்காவுக்குள்ளேயே கொஞ்சம் பீகார் இருக்கிறது என்று இப்போது எழுதத் தோன்றுகிறது. சிப்காட் கேட்டு மனுக் கொடுக்கிறவர்களோடு நானும் நிற்பவன்தான். இனி ஐடிஐயையும் சேர்த்துக் கேட்கலாம் என்று சொல்லப் போகிறேன்.

தறிநாடா அண்ணே, அந்தப் பையன் இப்போது என்ன செய்கிறான்?

தறிநாடா

திரும்பி வந்துவிட்டான். என் யூனிட்டில்தான் சூப்பர்வைசர். ஆறு மெஷினில் நாலு ஊரில் கிடக்கிறது, விற்கவில்லை. தம்பி ஐடிஐ ஃபிட்டர் முடித்துவிட்டான், அவனுக்கு ஓவர்லாக் ரிப்பேர் கற்றுக் கொடுக்க இங்கே யாராவது சேர்த்துக்கொள்வார்களா என்று போன வாரம் கேட்டான். அடுத்த சந்து மெக்கானிக்கிடம் பேசியிருக்கிறேன், ஆறு மாதம் வைத்துக்கொள்கிறேன் என்றார். தீபாவளி ஆர்டர் முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறேன். கீழ்த்திசை, அந்த சன்பதியா வளாகத்தில் வெளி மாவட்டக்காரர்களுக்கு இடம் தருவார்களா என்று விசாரித்துச் சொல்ல முடியுமா? கயாவிலிருந்து தூரம்தான், ஆனாலும் திருப்பூர் அளவுக்குத் தூரம் இல்லை.